'யாம்' இருக்கக் குழப்பமேன்?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே. இது சமையல் குறிப்பு மாதிரி தெரியும், ஆனா சண்டைப் பதிவு. 'கிழங்குக்கெல்லாம் ஒரு பதிவாய்யா'ன்னு நினைக்கறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். மத்தவங்க வாங்க, உட்காருங்க.

தமிழில் சமையல், உடல்நலம், ஆன்மிகம் என்று எதை எழுதினாலும் கிழங்கு வந்துவிட்டால் நம்ம ஆட்கள் சறுக்குகிற இடம் மூன்று. தினுசு தினுசாக எழுதுவார்கள், சாரம் இதுதான்:

1. "அமெரிக்கர்கள் நன்றி நவிலும் நாளில் யாம், அதாவது சேனைக்கிழங்கை, சர்க்கரைப் பாகில் செய்வார்கள்."

2. "சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்றால் யாம். இரண்டும் ஒன்றுதான்."

3. "குறமகள் வள்ளி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடைத்ததால் அந்தப் பெயர் வந்தது."

மூணுமே தப்பு. ஒரு தப்பு இன்னொரு தப்பைப் பெத்து, அது மூணாவதைப் பெத்து, இப்போ குடும்பமா நம்ம எழுத்துல குடித்தனம் நடத்துதுங்க. 'இதுல என்னய்யா குடி முழுகிப் போச்சு'ன்னு கேட்பீங்க. முழுகித்தான் போச்சு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஆள் யார் யார்னு பார்த்துடுவோம்.

சர்க்கரைவள்ளி. தாவரவியல் பெயர் ஐபோமியா படாடாஸ். தரையில் படர்கிற கொடி. ஊதாவும் வெள்ளையுமா புனல் மாதிரி பூக்கும். கடற்கரை மணலில் அடும்பங்கொடி பார்த்திருப்பீங்களே, சங்கப் பாட்டுல நெய்தல் நிலத்துக்குப் புலவர்கள் ஆசை ஆசையாப் பாடின பூ, அதுக்கு இது ஒண்ணுவிட்ட தங்கச்சி. வள்ளைக்கீரையும் அதே குடும்பம். அதனாலதான் சர்க்கரைவள்ளி இலையையும் கீரையாகச் சமைக்கலாம். பிறந்த ஊர் அமெரிக்கக் கண்டம். நெல்லை, தூத்துக்குடி பக்கத்தில் இதற்குச் சீனிக்கிழங்கு என்று பெயர்.

யாம். தாவரவியலில் டயோஸ்கோரியா. இதுவும் கொடிதான், ஆனா தரையில் படராது, மரத்தையோ கொம்பையோ சுற்றி ஏறும். பல வகைகளுக்கு இலை வெற்றிலை மாதிரி இருக்கும். சொந்த பந்தம்னு பார்த்தா சர்க்கரைவள்ளியை விட நெல்லுக்கும் புல்லுக்கும்தான் கிட்ட, ஏன்னா அதுகளைப் போல இதுவும் ஒருவித்திலை. சில வகையில் ஒற்றைக் கிழங்கே பத்து இருபது கிலோவைத் தாண்டும். உலக விளைச்சலில் பாதிக்கும் மேல் நைஜீரியாவில். அங்கே இபோ மக்கள் புதுக்கிழங்கு எடுக்கிறதுக்குத் திருவிழாவே நடத்துகிறார்கள், நம்ம பொங்கல் மாதிரி.

சேனை. இது கொடியே கிடையாது. ஒற்றைத் தண்டு, மேலே குடை விரிச்ச மாதிரி இலை, கீழே யானைக் கால் மாதிரிக் கிழங்கு. சேப்பங்கிழங்கின் பங்காளி. சில ஊர்களில் இதையே கருணைன்னும் சொல்வாங்க. இதுக்கு இங்கிலீஷ்ல 'எலிஃபன்ட் ஃபுட் யாம்' என்று எவனோ ஒருத்தன் பேர் வெச்சுட்டான். உண்மையான யாமுக்கும் இதுக்கும் எந்த உறவும் இல்லை.

ஆக, மூணு குடும்பம், மூணு செடி, மூணு சமையல். ஆனா நம்ம அகராதியில் 'யாம்'னு தேடினா சேனை வந்து நிக்கும். அமெரிக்க மளிகைக் கடையில் 'யாம்'னு கேட்டா சர்க்கரைவள்ளி வந்து நிக்கும். லாகோஸ் சந்தையில் கேட்டாத்தான் யாம் கிடைக்கும். ஒரே சொல், மூணு ஊர், மூணு கிழங்கு. இந்த லட்சணத்துல ஒரு ஊர்க் குறிப்பை இன்னொரு ஊர் அகராதியை வெச்சு மொழிபெயர்த்தா என்ன ஆகும்?

என்ன ஆகும்னு டெட்ராய்ட் பக்கம் இருக்கிற நண்பர் ஒருத்தரைக் கேளுங்க. பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மா நன்றி நவிலும் நாள் விருந்துக்கு அழைச்சு, 'நீங்க கேண்டிட் யாம்ஸ் கொண்டு வாங்களேன்'னு சொல்லியிருக்காங்க. நண்பர் வீட்டம்மாவுக்கு இங்கிலீஷ் குறிப்பைவிடத் தமிழ்க் குறிப்பில்தான் நம்பிக்கை. அதில் 'யாம் (சேனைக்கிழங்கு) ஒரு கிலோ' என்று இருந்திருக்கு. இந்தியக் கடைக்குப் போய் சேனை வாங்கி, வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, மேலே மார்ஷ்மெல்லோ எல்லாம் போட்டு அவனில் வெச்சு எடுத்துட்டுப் போனாங்க. புளி இல்லை, மஞ்சள் இல்லை, முதல் தண்ணி வடிக்கலை. சாப்பிட்ட எட்டு பேரும் பண்பானவங்க, யாரும் எதுவும் சொல்லலை. தண்ணி மட்டும் நிறையக் குடிச்சாங்களாம். தொண்டை அரிப்புக்கு எந்த மொழியிலயும் மொழிபெயர்ப்பு தேவையில்லை பாருங்க :-)

தப்பு அந்த அம்மா மேல இல்லை. குறிப்பை மொழிபெயர்த்த புண்ணியவான் மேல. கடையில் எதைக் கொடுக்கிறான், அது எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்க்காம, அகராதியைப் பார்த்து எழுதினவர் மேல.

சரி, அமெரிக்காக்காரன் ஏன் சர்க்கரைவள்ளியை யாம் என்கிறான்?

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட மக்களின் முக்கிய உணவு யாம். அந்தப் பகுதி மொழிகள் சிலவற்றில் 'ஞாம்', 'ஞாமி' போன்ற ஒலியில் வரும் சொல்லுக்குச் சாப்பிடுன்னே அர்த்தம். அமெரிக்கத் தெற்கில் அவங்க கிழங்கு விளையலை. கிடைத்தது சர்க்கரைவள்ளி. ஊர், உறவு, பேர் எல்லாத்தையும் பறிகொடுத்தவங்க, கையில் இருந்த கிழங்குக்குத் தாய்நாட்டுக் கிழங்கின் பேரை வைத்துக் கூப்பிட்டாங்க. அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். அது பிரிவாற்றாமை.

தப்பு அப்புறம் நடந்தது. 1930-களில் லூசியானா மாநிலத்தில் மென்மையான, ஆரஞ்சு நிறச் சதை கொண்ட புதுச் சர்க்கரைவள்ளி ரகத்தைக் கொண்டு வந்தார்கள். கிழக்கு மாநிலங்களில் விளைந்த வெளிறிய, கெட்டியான ரகத்திலிருந்து வேறுபடுத்தி விற்கணும். என்ன பண்ணலாம்? மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த 'யாம்' என்ற சொல்லை எடுத்து லேபிளில் ஒட்டிட்டாங்க. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போச்சு, பேர் நிலைச்சுப் போச்சு. அமெரிக்க வேளாண் துறை என்ன பண்ணிச்சு தெரியுமா? 'யாம்னு போடறவன் கூடவே ஸ்வீட் பொட்டேட்டோன்னும் போடணும்'னு விதி வெச்சுது. அதாவது, பொய் சொல்லிக்கோ, பக்கத்துலயே உண்மையையும் எழுதிடு. பலே!

இதைப் படிச்சுட்டு 'அமெரிக்கனுக்கு ஒரு கிழங்கு கூட ஒழுங்காத் தெரியலை'ன்னு சிரிக்கிற மகாஜனங்களே, கொஞ்சம் நில்லுங்க. நம்ம கதை அதைவிட மோசம்.

யாமுக்குத் தமிழில் என்ன பேர்? சேனை இல்லைன்னு ஆச்சு. அப்போ பேரே கிடையாதா? இருக்கு. உங்க தெருவிலயே அந்தப் பேரில் நாலு அக்காமார் இருப்பாங்க. வள்ளி.

வள்ளின்னா கொடி. கிழங்கு தர்ற கொடிக்கு அதுவே பேராகவும் நின்னுது. நம்ம மலைகளில் காலகாலமாத் தானா விளைஞ்ச டயோஸ்கோரியாதான் வள்ளிக்கிழங்கு. புறநானூறு 109-ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்ட மூவேந்தர்களிடம் 'நீங்க எத்தனை நாள் சுத்தி நின்னாலும் இவன் பட்டினி கிடக்க மாட்டான்'ங்கிற தொனியில் ஒரு கணக்கு சொல்கிறார். ஏர் பூட்டாமலே அந்த மலையில் கிடைக்கிறது நாலு: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். உழாமலே விளையறது மலைக்காட்டு வள்ளி. இன்றைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பளியர்கள் காட்டு வள்ளியைத் தோண்டி எடுத்துச் சாப்பிட்ட அனுபவத்தை வைத்திருக்கிறார்கள். கந்தபுராணத்தில் வேடர் பெண்கள் கிழங்கு அகழ்ந்த குழியில்தான் குழந்தை கிடக்கிறது, அதனால் வள்ளி. அந்தக் குழி சர்க்கரைவள்ளிக் குழியாக இருக்கவே முடியாது. சர்க்கரைவள்ளி அப்போ கடலுக்கு அந்தப் பக்கம், தென்னமெரிக்காவில் இருந்தது. கொலம்பஸ் 1492-ல் கப்பல் விட்டதுக்கு அப்புறம்தான் ஐரோப்பியர் அதைக் கண்ணால பார்த்தாங்க. அதுக்கும் அப்புறம் போர்த்துகீசியர் வழியாத்தான் நம்ம கரைக்கு வந்தது.

இங்கே ரெண்டு கோஷ்டி சண்டைக்கு வரும். ரெண்டுக்கும் பதில் ரெடி.

முதல் கோஷ்டி: '2018-ல் மேகாலயாவில் 5 கோடியே 70 லட்சம் வருஷத்துக்கு முந்தின சர்க்கரைவள்ளி கிடைச்சுதே, அப்போ அது நம்ம ஊருதானே?' ஐயா, கிடைச்சது கிழங்கு இல்லை. ஐபோமியா இனத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் இலைகளின் புதைபடிவம். ஐபோமியாவில் நூற்றுக்கணக்கான செடி இருக்கு. அடும்பும் ஐபோமியா, நெய்வேலிக் காட்டாமணக்கும் ஐபோமியா. அந்தக் குடும்பம் ஆசியாவில் தோன்றியிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்னது. பூனைக் குடும்பத்து எலும்பு கிடைச்சதுக்காக எங்க வீட்டு மீனாக்குட்டி அங்கே பிறந்ததுன்னு சொல்ல முடியுமா? தலைப்பை மட்டும் படிச்சுட்டு எழுதினா இப்படித்தான் ஆகும்.

ரெண்டாவது கோஷ்டி இன்னும் சுவாரசியம்: 'நியூசிலாந்து மாவோரிகள் சர்க்கரைவள்ளியைக் குமரான்னு சொல்றாங்க. குமரன்! வள்ளி! முருகா!' மாவோரிகளிடம் குமரா இருப்பது நிஜம். கொலம்பஸுக்கு முன்னாடியே அது தென்னமெரிக்காவிலிருந்து பொலினீசியத் தீவுகளுக்குப் போயிடுச்சு என்பதும் நிஜம். ஆனா அந்தப் பேரைத் தென்னமெரிக்க ஆண்டிஸ் மலை மொழிகளில் இருக்கும் அதே மாதிரிச் சொல்லோடுதான் அறிஞர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். பழனிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஒலி ஒத்துப் போனதெல்லாம் உறவுன்னா 'யாம்'ங்கிறதே தமிழ்ச் சொல்தான், 'நாங்கள்'னு அர்த்தம். கபிலரே கிழங்காகிடுவார்.

இப்போ பேர் வெச்ச கதைக்கு வருவோம். கப்பலில் புதுக்கிழங்கு வந்து இறங்கினதும் நம்ம முன்னோர்கள் என்ன செஞ்சாங்க? தெரிஞ்ச வள்ளியோட பேரை எடுத்து முன்னால ஒரு அடையாளம் சேர்த்தாங்க. இனிப்பா இருந்ததா, சர்க்கரை வள்ளி. குச்சி மாதிரி மரமா நின்னுதா, மரவள்ளி. (அதுவும் அமெரிக்கக் கண்டத்து ஆள்தான். திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார்.) அமெரிக்கனைவிட நம்ம பாட்டன் பாட்டி கெட்டிக்காரங்க. அவன் பேரை அப்படியே தூக்கி மாட்டினான், இவங்க அடைமொழி போட்டாங்க. 'இது வள்ளி மாதிரி, ஆனா வள்ளி இல்லை'ன்னு பேரிலேயே தகவல் இருக்கு.

அந்த அடைமொழியைத் தூக்கிப் போட்டது நாம. இப்போ பல ஊர்களில் வெறும் 'வள்ளிக்கிழங்கு'ன்னு கேட்டா சர்க்கரைவள்ளியைக் கொடுப்பான், இல்லைன்னா மரவள்ளியைக் கொடுப்பான். அசல் வள்ளியைக் கேட்கச் சொல்லே இல்லை! வந்தவங்க ரெண்டு பேரும் வீட்டுக்காரர் பேரைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. வீட்டுக்காரர் பேர் இல்லாம வாசல்ல நிக்கிறார்.

இதில் ஈழத்து ஆட்களைப் பார்த்துக் கத்துக்கணும். யாழ்ப்பாணத்தில் சர்க்கரைவள்ளிக்கு வற்றாளங்கிழங்கு. 'படாடா'வின் சாயல் அதில் கேட்கும், சிங்களத்தில் பத்தல. மரவள்ளி தனி. அசலுக்கு இராசவள்ளி. ஊதா நிறத்தில் இருக்கும் டயோஸ்கோரியா அது. புதுசுக்குப் புதுப்பேர், பழசுக்கு ராஜா பட்டம். அந்த இராசவள்ளியைத் தோல் சீவி, துண்டு போட்டு, குழைய வேகவைத்து, மசித்து, தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் காய்ச்சுவாங்க. கிண்ணத்தில் ஊதாவும் ரோஸுமா நிற்கும். சாப்பிட்டவங்களுக்குத் தெரியும். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இதே இனம் காச்சில். திருவாதிரைப் புழுக்கில் காச்சில் இல்லாம ஆகாது. பேர் பிழைச்ச ஊரில் கிழங்கும் பிழைச்சிருக்கு. கவனிச்சீங்களா?

'சரிப்பா, சமையலுக்கும் இதுக்கும் என்ன?'ன்னு கேட்கிறவங்களுக்கு இனிமேதான் முக்கியமான மேட்டர்.

சர்க்கரைவள்ளியை எப்படிச் சமைக்கணும்? நம்ம வீடுகளில் குக்கரில் முங்க முங்கத் தண்ணி ஊத்தி நாலு விசில். சப்புன்னு ஆகிடும். சாரமெல்லாம் தண்ணியில் போய், அந்தத் தண்ணி சாக்கடையில் போயிடும். இந்தக் கிழங்குக்குள்ள மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையா மாத்துற ஒரு நொதி இருக்கு. அது சுறுசுறுப்பா வேலை செய்யறது சுமார் 60-லிருந்து 75 டிகிரி செல்சியஸ் வரைக்கும். அந்தச் சூட்டில் கிழங்கு எவ்வளவு நேரம் இருக்கோ அவ்வளவு இனிப்பு. அதனாலதான் அடுப்புச் சாம்பலில் புதைச்சு மெதுவா சுட்ட கிழங்கு தேனா இருக்கு, மைக்ரோவேவில் அஞ்சு நிமிஷத்தில் எடுத்தது மண்ணா இருக்கு. வேகவைக்கணும்னா தோலோட, முழுசா, இட்லிப் பானை ஆவியில், சின்னத் தீயில் வையுங்க. கத்தி சொருகினா வழுக்கிட்டுப் போகணும், அதான் பதம். அப்புறம், வாங்கி வந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீங்க. வெப்ப நாட்டுக் கிழங்கு, குளிர் ஆகாது. நடுவில் கட்டி தட்டிப் போய் எவ்வளவு வேகவைச்சாலும் வேகாது. வெளியே காத்தோட்டமா வெச்சாலே போதும்.

அமெரிக்கக் குறிப்பைப் பார்த்துச் செய்யறவங்களுக்கு ஒண்ணு. அங்கே 'யாம்' என்பது ஆரஞ்சு ரகம், ஈரப்பதம் அதிகம், வெந்தா குழையும். நம்ம ஊர்ச் சந்தையில் அதிகம் வர்ற சிவப்புத் தோல், வெள்ளைச் சதை ரகம் கெட்டி, மாவு மாவா இருக்கும். பொரியலுக்கும் சிப்ஸுக்கும் நம்மது நல்லது. அவங்க 'பை' செய்யறதுக்கு நம்மதைப் போட்டா கொஞ்சம் பால் கூடுதலா வேணும்.

அசல் வள்ளி அப்படி இல்லை. இனிக்காது. சாதம் மாதிரி, அது மேல நாம என்ன போடறோமோ அதுதான் ருசி. தோலைத் தடியா சீவணும். சீவும்போது வழுவழுன்னு கோழை வரும், சிலருக்குக் கை அரிக்கும், எண்ணெய் தடவிக்கணும். உப்பு போட்டு வேகவெச்சு, காந்தாரி மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேங்காய் எண்ணெய் சேர்த்து நசுக்கின சம்மந்தியோட சாப்பிட்டுப் பாருங்க. ஆப்பிரிக்காவில் இதை வேகவைத்து உரலில் இடிச்சு, இழுத்தா வர்ற மாதிரி உருண்டையாக்கிக் குழம்போட சாப்பிடுவாங்க. அதே மாதிரி சர்க்கரைவள்ளியை இடிச்சா இனிப்புக் கூழ்தான் கிடைக்கும்.

முக்கியமா, பச்சையா. சர்க்கரைவள்ளியைச் சின்னப் பசங்க வயல்லயே பிடுங்கிக் கழுவிக் கடிப்பாங்க, ஒண்ணும் ஆகாது. வள்ளியை அப்படிக் கடிக்கக் கூடாது. ஜப்பான்காரங்க ஒரு வகையைப் பச்சையாவே துருவிச் சாப்பிடுவாங்க, அது அந்த வகை. ஆசியக் காடுகளில் இருக்கிற வகைகள் சிலதில் நிஜமாவே விஷம் உண்டு. அதை மெலிசா சீவி, நாள் கணக்கில் ஓடுற தண்ணியில் போட்டு, அப்புறம்தான் தெரிஞ்சவங்க சாப்பிடுவாங்க. 'யாமும் சர்க்கரைவள்ளியும் ஒண்ணுதான்'னு எழுதறவங்க இந்த இடத்தில் கொஞ்சம் நின்னு யோசிக்கணும்.

சேனைக்கு வேற கதை. அதில் ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கு. தொண்டையில் அரிக்கிறது அதுதான். அதனாலதான் நம்ம வீட்டுப் பெரியவங்க புளித்தண்ணி, மஞ்சள்னு போட்டு வேகவெச்சு, அந்தத் தண்ணியை வடிச்சாங்க. சும்மா சடங்குக்கு இல்லை.

அடுத்து, உடல்நலக் கட்டுரை எழுதும் மகான்கள். 'சர்க்கரைவள்ளியில் வைட்டமின் ஏ கொட்டிக் கிடக்கு.' எதில்? ஆரஞ்சுச் சதை ரகத்தில். அதில் பீட்டா கரோட்டின் இருக்கு. அந்த ரகத்தை ஆப்பிரிக்காவில் பரப்பிக் குழந்தைகளின் சத்துக் குறைவைக் குறைச்ச வேலைக்குத்தான் 2016-ல் உலக உணவுப் பரிசே கொடுத்தாங்க. நம்ம வெள்ளைச் சதை ரகத்தில் அது சொற்பம். ஆரஞ்சு வேணும்னா திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 'பூ சோனா'ன்னு ஒரு ரகம் வெளியிட்டிருக்கு. ஊதாவுக்கு 'பூ கிருஷ்ணா'. எந்த நிறம்னு சொல்லாம சத்து சொல்றது, எந்தப் பஸ்னு சொல்லாம 'ஏறு, மதுரை போகும்'னு சொல்ற மாதிரி.

'சர்க்கரை நோயாளிகள் தாராளமாச் சாப்பிடலாம்.' அப்படியா? 2011-ல் வெளியான ஜமைக்கா ஆய்வு ஒண்ணுல, வேகவெச்ச சர்க்கரைவள்ளியின் சர்க்கரை ஏற்றக் குறியீடு 50-க்குள்ளயும், அதே கிழங்கைச் சுட்டா 80-ஐ ஒட்டியும் அதுக்கு மேலயும் வந்தது. சமைக்கிற விதம் மாறினா கதையே மாறுது. மேலே சொன்ன நொதிக் கதையை ஞாபகம் வெச்சுக்குங்க. அதிகம் இனிச்சா அதிகம் சர்க்கரை, அவ்வளவுதான். எவ்வளவு சாப்பிடலாம்னு உங்க டாக்டரைக் கேளுங்க, வார இதழைக் கேட்காதீங்க.

இன்னொண்ணு: 'சர்க்கரைவள்ளி பெண்களுக்கு ஹார்மோன் தரும்.' இது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு யாமிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளை எடுத்து, பரிசோதனைச் சாலையில் அதை ப்ரோஜெஸ்டெரோனாக மாற்றினார். கருத்தடை மாத்திரைக் கதையின் தொடக்கங்களில் அது ஒண்ணு. அந்த மாற்றத்தைச் செய்தது கண்ணாடிக் குடுவை. நம்ம வயிறு அதைச் செய்யாது. அதுவும் யாமில் நடந்த கதை. 'யாம்னா சர்க்கரைவள்ளி'ன்னு நம்பின ஒருத்தர் அதை அப்படியே இந்தக் கிழங்குக்குத் தூக்கிட்டு வந்துட்டார். பேர்க் குழப்பம் மருந்துக் கடை வரைக்கும் போகுது, பார்த்தீங்களா?

இனி 'மொழின்னா மாறத்தான் செய்யும், பேர்ல என்ன இருக்கு' கோஷ்டி. மாறட்டும் சாமி, வேண்டாம்னு சொல்லலை. சர்க்கரைவள்ளி அயல்நாட்டுப் பயிர், விரட்டுன்னும் சொல்லலை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாமே அங்கேருந்து வந்ததுதான், நாளைக்கே ரசம் வைக்க முடியாது. என் சண்டை வந்ததோடு இல்லை. இருந்ததைக் கேட்க முடியாம போனதோடதான். சந்தையில் பேர் சொல்லிக் கேட்க முடியாத பொருளை வியாபாரி எடுத்துட்டு வர மாட்டான். வியாபாரி கேட்காததை விவசாயி நட மாட்டார். நடாத கிழங்குக்கு விதைக்கிழங்கு மிஞ்சாது. மலையில் தோண்டத் தெரிஞ்ச கிழவரோட எந்தக் கொடி தின்னலாம், எது ஆகாதுங்கிற அறிவும் போயிடும். பேர் போறது முதல் படி. கடைசிப் படியில் நின்னுக்கிட்டு 'பாரம்பரியத்தை மீட்போம்'னு போஸ்டர் ஒட்டி என்ன பிரயோஜனம்?

எழுதறவங்க நாமதான், அதனால கோரிக்கையும் நமக்குத்தான்:

1. தமிழ்க் குறிப்பில் 'யாம்' என்ற சொல்லையே போடாதீங்க. சர்க்கரைவள்ளின்னா சர்க்கரைவள்ளி, சேனைன்னா சேனை.

2. அமெரிக்கக் குறிப்பில் 'யாம்' வந்தா ஆரஞ்சு சர்க்கரைவள்ளின்னு எழுதுங்க. ஆப்பிரிக்கக் குறிப்பில் வந்தா வள்ளின்னு எழுதுங்க. ஆங்கில இந்தியக் குறிப்பில் வந்தா அநேகமா சேனை, படத்தைப் பார்த்து உறுதி பண்ணிக்குங்க.

3. சோம்பேறித்தனத்தில் 'சர்க்கரை'யை வெட்டிட்டு வெறும் 'வள்ளி'ன்னு எழுதாதீங்க. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் இருக்கார்.

4. உங்க ஊரில் அசல் வள்ளிக்கு என்ன பேர்? காச்சிலா, இராசவள்ளியா, வேற ஏதாவதா? எப்போ கிடைக்கும், எப்படிச் சமைப்பாங்க? வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுங்க. அம்மாச்சி, அப்பத்தா, ஆத்தா இருக்கும்போதே கேளுங்க.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம். மத்த மூணும் எழுத்துப்பிழை திருத்தற மாதிரி, எப்போ வேணும்னாலும் செய்யலாம். இதுக்கு மட்டும் காலக்கெடு இருக்கு.

டிஸ்கி: சேனைப் பிரியர்கள் யாரும் கோவிச்சுக்காதீங்க. சேனை வறுவலுக்கு நான் பரம ரசிகன். மார்ஷ்மெல்லோ மட்டும் வேண்டாம்.